மேடு ஏறினால் கடுக்கும் கால்

மாத்தளை நகரத்துக்குக் கிழக்கே போனால் தட்டையான பாதை என்று எதுவும் இல்லை. எல்கடுவையிலும் ரத்தோட்டையிலும் கந்தேநுவரையிலும் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கொழுந்து மலைக்குப் போவது ஏற்றம். கோவிலுக்கு ஏற்றம், கடைக்குப் போய்த் திரும்புவது ஏற்றம். அந்த ஏற்றத்தில், ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குக் கெண்டைக்கால் கடுக்கிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. மறுபடி ஏறினால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறது.

“வாதம்தான் அக்கா, மழ விட்டா சரியாயிரும்” என்று பக்கத்து நிரையில் நிற்பவர் ஆறுதல் சொல்வார். இரவில் தைலம் தேய்ப்பார்கள், சுடுதண்ணீர் ஊற்றுவார்கள். மழை விடும், கடுப்பு விடாது. ஏனென்றால் பழுது தசையிலும் இல்லை, மூட்டிலும் இல்லை. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி உள்ளே சுருங்கிக்கொண்டு வருகிறது. வைத்தியர்கள் இதைப் புற நாடி நோய் என்கிறார்கள். புறத் தமனி நோய் என்று எழுதுபவர்களும் உண்டு.

ஓய்வாக இருக்கும் கெண்டைத் தசைக்கு வேண்டிய இரத்தம் சொற்பம். மேடு ஏறத் தொடங்கியதும் அதே தசை பத்து மடங்குக்கு மேல் கேட்கும். நல்ல நாடி விரிந்து கொடுத்து அந்தத் தேவையை நிறைவேற்றிவிடும். நாடியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் தழும்பு போன்ற திசுவும் பல ஆண்டுகளாகப் படிந்திருந்தால் விரிய இடமிருக்காது. இதில் ஏமாற்றும் விடயம் ஒன்று உண்டு. நாடியின் விட்டம் பாதியாகக் குறையும் வரை ஓய்வு நேர இரத்த ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. விட்டம் பாதியானால் உள்ளே இரத்தம் போகும் பரப்பு நான்கில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். அவ்வளவு அடைபட்ட பிறகும், உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஒன்றும் தெரியாது. தசை கூடுதலாகக் கேட்கும்போதுதான் பற்றாக்குறை வலியாக வெளியே வரும். வேலையை நிறுத்தியதும் கேட்பது குறைந்து வலியும் போய்விடும். பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஷார்க்கோ இந்த நடந்தால் வரும், நின்றால் போகும் வலியை 1858ஆம் ஆண்டிலேயே நாடி அடைப்போடு சேர்த்து எழுதிவிட்டார்.

சமதரையைவிட ஏற்றத்தில் கெண்டைத் தசைக்கு வேலை அதிகம். ஆகவே சமவெளியில் அரைக் கிலோமீற்றர் நடந்தால் வரக்கூடிய வலி, மலையில் அதைவிட வெகு குறைந்த தூரத்திலேயே வந்துவிடக்கூடும். வைத்தியசாலைகளில் ஓடுபட்டியைச் சாய்த்து வைத்து நோயாளியை நடக்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. மாத்தளைக்குக் கிழக்கே நக்கிள்ஸ் மலையடிவாரத்துத் தொழிலாளிக்கு அந்தச் சோதனை தினமும் காலையில் நடக்கிறது. முடிவைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

கால் வலி எல்லாம் நாடி வலி என்று பயமுறுத்த வரவில்லை. மலையில் வாழ்பவர்கள் ஏற்றத்தையும் இறக்கத்தையும் வைத்தே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். இறக்கத்தில் கூடுதலாக வலித்தால், அதுவும் முழங்காலில் வலித்தால், பெரும்பாலும் மூட்டுத் தேய்வு. நின்றுகொண்டிருந்தாலே வலித்து, குனிந்தாலோ உட்கார்ந்தாலோ சுகமாக இருந்தால் முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்றத்தில் தசையில் பிடித்து, குனியாமல், உட்காராமல், வெறுமனே நின்றாலே சில நிமிடத்தில் விடுகிற வலிதான் நாடியின் வலி. கெண்டைக்கால் மட்டும் என்றில்லை, அடைப்பு மேலே இருந்தால் தொடையிலும் புட்டத்திலும் வரும்.

மாத்தளை மாவட்டத்தின் வடபாதி வேறு மாதிரி. தம்புள்ளை, கலேவெலப் பக்கம் தரை தட்டை. அங்கே முச்சக்கர வண்டி ஓட்டுகிறவரும் பொருளாதார மத்திய நிலையத்தில் கடை வைத்திருப்பவரும் ஒரே மூச்சில் நூறு மீற்றர் நடக்கும் சந்தர்ப்பமே அரிது. நாடியில் இதே அளவு அடைப்பு அவருக்கும் இருக்கலாம், வலி வராது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளில் இந்த நோய் உள்ளவர்களில் பத்திலிருந்து முப்பது வீதத்தினருக்கு மட்டுமே பாடப்புத்தகத்தில் உள்ளபடியான நடை வலி இருந்தது. மற்றவர்களில் சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குக் கால் சோர்வு, மரத்துப்போதல், நடை மெதுவாதல் மட்டும். வயது போகிறது என்று விட்டுவிடுவார்கள்.

அப்படி விடக்கூடாது என்பதற்குக் காலைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. கால் நாடியைச் சுருக்குகிற படிவு காலோடு நிற்பதில்லை. இதயத்துக்கும் மூளைக்கும் போகும் நாடிகளிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்கும். நடை வலி உள்ளவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளின்படி, பாதத்துக்கு மேலே காலை வெட்டும் நிலைக்கு வந்தவர்கள் நூற்றில் மூன்று பேருக்கு உள்ளேதான். ஆனால் ஏறத்தாழ இருபது பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தது. கால் போய்விடுமோ என்ற பயத்தில் வருபவரிடம் இதயத்தைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

எத்தனை பேருக்கு இருக்கிறது? 2015இல் உலகம் முழுவதும் சுமார் 236 மில்லியன் பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாழ்வது நம்மைப் போன்ற நாடுகளில். இலங்கையில் முறையாக எண்ணிப் பார்த்தது கம்பஹா மாவட்டத்தில். 40 முதல் 74 வயது வரையுள்ள ஏறத்தாழ மூவாயிரம் பேரின் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் அளந்தார்கள்; 2015இல் வெளியான முடிவின்படி 3.6 வீதத்தினருக்கு நோய் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

அந்தக் கடைசிச் செய்தி என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. இலங்கையில் 2015இல் நடந்த தேசிய ஆய்வில் ஆண்களில் பத்தில் மூவர் புகைப்பவர்கள். பெண்களில் ஆயிரத்தில் ஒருவர் அளவே. புகைதான் இந்த நோயின் முதற்பெரும் காரணம் என்றால், புகைக்காத பெண்களுக்கும் ஏன் அதே அளவு? ஒரு காரணத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி நோயாளிகளைத் தவறவிடுவோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சீனி வருத்தமும் பிரஷரும் ஆண் பெண் பார்ப்பதில்லை.

முதலில் புகையை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் சொல்ல நிறைய இருக்கிறது. பீடியோ சிகரட்டோ சுருட்டோ, புகையில் உள்ள பொருட்கள் நாடியின் உட்சுவரைக் காயப்படுத்தி, அதன் விரியும் திறனைக் குறைக்கின்றன. இரத்தத்தை எளிதில் உறைய வைக்கின்றன. நிக்கொட்டின் நாடியைச் சுருக்குகிறது. காபனோரொட்சைட்டு ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் நான்கு சமூகங்களில் 1987 முதல் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வொன்றின் முடிவு 2019இல் வெளியானது. நாளுக்கு ஒரு பெட்டி வீதம் நாற்பது ஆண்டு புகைத்தவருக்கு மாரடைப்பு ஆபத்து புகைக்காதவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. கால் நாடி நோய் ஆபத்தோ ஏறத்தாழ நான்கு மடங்கு. புகைத்தால் நெஞ்சுக்குக் கெடுதல் என்று எல்லோரும் சொல்கிறோம். கெடுதல் காலுக்குத்தான் அதிகம். விட்டுவிட்டால் சில ஆண்டுகளிலேயே ஆபத்து இறங்கத் தொடங்குகிறது, ஆனால் அதன் மிச்சம் முப்பது ஆண்டு வரை தங்குவதையும் அதே ஆய்வு கண்டது. ஐம்பதில் விடலாம் என்று நினைக்கும் இளைஞருக்கு இந்த முப்பது என்ற எண்ணைச் சொல்ல வேண்டும்.

புகைக்கும் இளைஞர்களுக்கே உரிய இன்னொரு நோயும் உண்டு. நியூயோர்க்கில் லியோ பேர்கர் 1908இல் விவரித்ததால் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. கொழுப்புப் படிவு இதில் காரணமில்லை. பாதத்திலும் கையிலும் உள்ள சிறிய நாடிகள் வீங்கி, உறைகட்டியால் அடைபட்டு, விரல் நுனி கறுத்துவிடும். வருவது பெரும்பாலும் நாற்பத்தைந்துக்குக் குறைந்த ஆண்களுக்கு. தெற்காசியாவில் பீடி குடிப்பவர்களிடையே நன்கு தெரிந்த நோய். முழுதாகப் புகையை நிறுத்தினால் நோய் நிற்கும். ஒன்றிரண்டு மட்டும் என்று வைத்துக்கொண்டால் நிற்காது. விரலாகத் தொடங்கிப் பாதமாக வெட்டப்படுவது அப்படித்தான்.

வெற்றிலையோடு மெல்லும் புகையிலை பற்றியும் கேட்பார்கள். மலையில் பசியையும் குளிரையும் மறக்கப் பெண்களும் மெல்லுகிறார்கள். வாய்ப்புற்றுநோய்க்கு அது காரணம் என்பதில் ஐயமில்லை. கால் நாடியைப் பொறுத்தவரை பீடிக்கு எதிரே குவிந்திருக்கும் அளவு சான்று இதற்கு எதிரே குவியவில்லை. என்றாலும் நிக்கொட்டின் வாய் வழியாகப் போனாலும் நாடியைச் சுருக்கும், பிரஷரை ஏற்றும்.

இனிச் சீனி. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடு தழுவி நடந்த ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. பின்னர் நடந்த ஆய்வுகளில் எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கிறது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஒரு புள்ளி கூடினால் கால் நாடி நோயின் ஆபத்து கால் பங்குக்கு மேல் கூடுகிறது என்று பிரிட்டனில் நடந்த நீண்டகால நீரிழிவு ஆய்வு காட்டியது.

சீனி வருத்தத்தின் கொடுமை அது இரண்டு பக்கமிருந்து அடிப்பது. முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய நாடிகளை அது அடைக்கிறது. கூடவே பாதத்து நரம்புகளையும் மரக்கச் செய்கிறது. இரத்தம் போகாத கால் வலியால் முறையிட வேண்டும். மரத்த கால் முறையிடாது. கல்லில் கீறினாலும், அட்டை கடித்த இடம் சொறிந்து புண்ணானாலும், சுடுதண்ணீர் பொக்களித்தாலும் தெரியாது. தெரிந்த பிறகு ஆறாது, ஆற்றுவதற்கு இரத்தம் வேண்டுமே. கால் கடுப்புக்குச் சுடுதண்ணீர் ஊற்றும் பழக்கம் சீனிக்காரருக்கு ஏன் ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும். சூட்டை முழங்கையால் சோதிக்காமல் பாதத்தை வைக்கவே கூடாது.

பிரஷரும் கொலஸ்ட்ரோலும் சத்தமில்லாமல் வேலை செய்பவை. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கிய ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் நடை வலியின் ஆபத்தை ஆண்களுக்கு இரண்டரை மடங்காகவும் பெண்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்காகவும் உயர்த்தியது. கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலும் கருவாடும் நாளாந்த உணவாக இருக்கும் இடத்தில் உப்பு கூடுவது இயல்பு. அதற்காக லயத்துச் சமையலைக் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடுகிறவர் கையில் எடுத்துப் போகக்கூடியது எதுவோ, நாள் சம்பளத்துக்குக் கட்டுப்படியானது எதுவோ அதையே சாப்பிடுகிறார்.

பிறப்பிலேயே தொடங்கும் ஆபத்தும் ஒன்று உண்டு. குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளுக்கு நடுவயதில் சீனியும் பிரஷரும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை ஆங்கிலேய வைத்தியர் டேவிட் பாக்கர் 1980களின் இறுதியிலிருந்து நிறுவிவந்தார். வயிற்றில் ஊட்டம் போதாத சிசு, உள்ளதைக் கொண்டு மூளையைக் காப்பாற்றி, மற்ற உறுப்புகளைச் சிக்கனமாகக் கட்டிக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். இலங்கையில் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளின் வீதம் தோட்டப் பகுதிகளில்தான் அதிகம். பல பத்தாண்டுகளாக அப்படியே இருக்கிறது. இன்று ஏற்றத்தில் நின்று நின்று போகும் அக்காவின் கால், அவருடைய தாய் கர்ப்பிணியாகக் கொழுந்து பறித்த நாட்களின் கணக்கையும் சேர்த்தே சுமக்கிறது. இதை ஒருவருடைய பழக்கக் கோளாறு என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை.

சிறுநீரக நோயையும் விடக்கூடாது. சிறுநீரகம் பழுதானால் உடலில் பொசுபேற்றுக் கணக்குத் தவறி, நாடிச் சுவர்களில் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகும். மாவட்டத்தின் கிழக்கோரத்தில் வில்கமுவ, காரணம் உறுதியாகாத சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டும் பிரதேசங்களில் ஒன்று. சிறுநீரக நோயாளியைப் பார்க்கும்போது பாதத்தையும் பார்ப்பது அங்கே வழக்கமாக வேண்டும்.

இவையெல்லாம் தனித்தனியாக வந்தால் ஒரு கணக்கு. சேர்ந்து வந்தால் கூட்டல் கணக்கு பெருக்கல் ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் சுகாதாரத் துறையில் பணிபுரிந்த ஏறத்தாழ 45,000 ஆண்களை 1986 முதல் இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். புகை, சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் ஆகிய நான்கும் இல்லாதவர்களில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் 9 பேருக்கு நோய் வந்தது. ஒன்று இருந்தவர்களில் 23. இரண்டு இருந்தால் 47, மூன்று இருந்தால் 92, நான்கும் இருந்தால் 186. ஒவ்வொன்று சேரும்போதும் ஆபத்து இரட்டித்திருக்கிறது. நோய் வந்தவர்களில் 96 வீதத்தினருக்கு இந்த நான்கில் ஒன்றாவது இருந்தது. அவர்கள் எல்லாம் ஆண்கள், அமெரிக்கர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆனாலும் எனக்கு இதில் பெரிய ஆறுதல் தெரிகிறது: கணக்கைத் திருப்பிப் படித்தால், நான்கில் ஒன்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதே பெரிய காரியம். சீனியும் பிரஷரும் உள்ள ஒருவர் பீடியை விடுகிறார் என்றால், மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டே காலப்போக்கில் ஆபத்தை ஏறத்தாழப் பாதியாக இறக்குகிறார்.

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் அளக்க வேண்டும். கணுக்காலில் கேட்கக் கையடக்க டொப்ளர் கருவி ஒன்று போதும். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்கிறார்கள். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் விடை 0.7. விடை 0.9க்கு மேல் போகாவிட்டால் நோய் இருக்கிறது என்று கொள்வார்கள், 0.4க்குக் கீழே போனால் கால் ஆபத்தில் இருக்கிறது. நெடுநாள் சீனிக்காரருக்கும் சிறுநீரக நோயாளிக்கும் நாடி கெட்டியாகி அமுங்காமல் போவதால் 1.4க்கு மேல் பொய்யாக ஏறி நிற்கவும் கூடும். அங்கே பெருவிரலில் அளக்க வேண்டும்.

டொப்ளர் இல்லாத தோட்ட டிஸ்பென்சரியிலும் விரல்கள் இருக்கின்றன. புறங்காலின் நடுவில், பெருவிரலுக்குப் போகும் தசைநாணை ஒட்டி வெளிப்பக்கமாக ஒரு துடிப்பு. உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னே இன்னொன்று. இந்த இரண்டு இடங்களையும் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. புறங்கால் துடிப்பு சிலருக்குப் பிறவியிலேயே அகப்படாது. இரண்டுமே அகப்படாவிட்டால் மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். சுகாதார அமைச்சு 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் எடை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே போகும் நாற்பது தாண்டியவர்கள், “என் காலையும் ஒருக்காத் தொட்டுப் பாருங்க டொக்டர்” என்று கேட்டே வாங்க வேண்டும். போவதற்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பதுதான் தோட்டத்தில் பெரிய தடை. பரிசோதனை நாளுக்குப் பேர் போடுவதைத் தோட்ட நிர்வாகங்கள் ஏற்றுக்கொண்டால் எத்தனையோ கால்கள் மிஞ்சும்.

நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கொடுக்கும் வைத்தியம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: நடக்கச் சொல்வார்கள். கடுப்பு வரும் வரை நடந்து, அது ஓரளவு கடுமையானதும் நின்று, விட்டதும் மறுபடி நடந்து, இப்படி ஓய்வையும் சேர்த்து அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். வாரத்துக்கு மூன்று நாட்களாவது, குறைந்தது பன்னிரண்டு வாரம். வலியில்லாமல் நடக்கும் தூரம் தெளிவாகக் கூடுகிறது. தசை உள்ள இரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. இரண்டு எச்சரிக்கை. பாதத்தில் புண் இருப்பவரும் படுத்திருக்கும்போதே வலிப்பவரும் இந்த நடைக்கு இறங்கக்கூடாது. கூடை சுமந்து, நேரத்துக்கு ஓடி, நிற்க முடியாமல் ஏறும் ஏற்றம் இந்த வைத்தியத்துக்கு ஈடாகாது. நின்று ஆறும் சுதந்திரம்தான் இதில் பாதி மருந்து. கூடவே கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் மாத்திரை, இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின் அல்லது குளோபிடோகிரெல் கொடுப்பார்கள். இவை காலைவிட இதயத்தைக் காப்பதற்கே. அதற்கும் மேலே பலூன் வைத்து விரிப்பதும் மாற்றுவழி நாடி பொருத்துவதும் உண்டு.

காத்திருக்கக்கூடாத நிலைகள் இரண்டு. ஒன்று, இரவில் படுத்தால் பாதம் எரிந்து வலிப்பதும், கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டால் சுகமாவதும். புவியீர்ப்பின் உதவி இல்லாமல் பாதத்துக்கு இரத்தம் போகவில்லை என்று பொருள். விரலில் ஆறாத புண்ணோ கறுப்போ இருந்தாலும் இதே நிலைதான். அந்த வாரத்திலேயே கிளினிக்குக்குப் போக வேண்டும். மற்றது மணிக்கணக்கு. ஒரு கால் திடீரென்று வலித்து, வெளிறி, குளிர்ந்து, மரத்துப்போனால் உறைகட்டி ஒன்று நாடியை முழுதாக அடைத்துவிட்டது. தசை தாங்குவது சுமார் ஆறு மணித்தியாலம். தைலத்தைத் தேடாமல், சுடுதண்ணீர் வைக்காமல், 1990 இலவச அம்பியுலன்சை அழைத்து, கால் குளிர்ந்துவிட்டது என்பதையும் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். தோட்டத்தின் மேல் பிரிவு லயத்திலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும் இடங்களில், அம்பியுலன்ஸ் வந்து சேரும் முன்பே தோட்ட லொறியில் ஏற்றிக் கீழே கொண்டுவரத் தொடங்கிவிட வேண்டும்.